வந்து எடுத்துக்கொள்ளலாம்: காவிரிப் படுகையின் இலவசப் பொருள்கள் குறித்து ஓர் ஆய்வு

இலவசப் பொருள் என்பது, வீட்டில் வைத்துக்கொள்ள இடமும் இல்லாமல், குப்பையில் போட மனமும் வராமல், திண்ணையில் நிற்கும் பொருள். விலைக்குப் போகக்கூடியது இதில் சேராது. அதற்குப் பழைய பேப்பர் கடை இருக்கிறது. தானமும் சேராது. தானம் கொடுப்பவர் எதிர்பார்ப்பது புண்ணியம். இலவசப் பொருள் கொடுப்பவர் எதிர்பார்ப்பது ஐந்தடிக்கு மூன்றடி இடம். சிங்கப்பூரிலிருந்து வந்தவர் தெருவுக்கே பகிர்ந்து கொடுக்கும் கோடாலித் தைலமும் சேராது, அதில் பெருமை கலந்திருக்கிறது. இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது கொஞ்சம்தான் என்று நினைக்கத் தோன்றும். தஞ்சாவூர் வீட்டுப் பரண் ஒன்றை நிமிர்ந்து பார்த்தவர்கள் அப்படி நினைப்பதில்லை.

பொருள் கை மாறும் முறை பகுதிக்குப் பகுதி வேறுபடுகிறது. தஞ்சாவூரின் மேல வீதி, கீழவாசல், கரந்தை போன்ற பழைய பகுதிகளில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். கொல்லைப்புறச் சுவருக்கு மேலே ஒரு கை நீளும். "அக்கா, இந்தாங்க" என்று குரல் வரும். வாங்கிய பிறகுதான் வாங்கியது என்னவென்று தெரியும். மருத்துவக் கல்லூரிச் சாலை, நாஞ்சிக்கோட்டைச் சாலைப் பக்கத்துப் புதிய நகர்களில் சுவர்கள் உயர்ந்து, உச்சியில் கண்ணாடிச் சில்லும் பதிக்கப்பட்டுவிட்டதால், தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு அந்த வேலையைச் செய்கிறது. காலை வணக்கத் தாமரைக்கும், இன்றைக்குக் கரண்ட் எப்போது போகும் என்ற விசாரணைக்கும் நடுவே பொருளின் படம் வந்து விழும். அடியில் "வேணுங்கறவங்க வந்து எடுத்துக்கலாம்" என்றிருக்கும். முதல் முறையில் மறுக்க வழியில்லை. இரண்டாவதில் மறுக்கவே வேண்டியதில்லை, பார்க்காதது போல இருந்தால் போதும். படுகையில் இலவசப் பொருள்கள் தேங்கத் தொடங்கியது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் என்ற கருத்தை இத்துறை ஆய்வாளர்கள் எவரும் மறுக்கவில்லை. இத்துறையில் ஆய்வாளர்கள் எவரும் இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

கொடுக்கும் பொருளை விவரித்து எழுதும் கலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அதன் உச்சம் 1010-ஐ ஒட்டித் தஞ்சைப் பெரிய கோயில் சுவர்களிலேயே எட்டப்பட்டுவிட்டது. தான் கொடுத்ததும், தமக்கை குந்தவை கொடுத்ததும், தேவியர் கொடுத்ததும், பிறர் கொடுத்ததும் கல்லில் வெட்டப்பட வேண்டும் என்று முதலாம் இராசராசன் ஆணையிட்டான். பொன் ஆடவல்லான் என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது. முத்துகள் உருண்டையா, ஓரளவுக்கு உருண்டையா என்று பிரித்து எண்ணப்பட்டன. மணியில் பொள்ளல் இருந்தால் பொள்ளல், வெட்டு இருந்தால் வெட்டு, புள்ளி இருந்தால் புள்ளி என்று குறை முழுக்க எழுதப்பட்டது. நகைக்குள் இருக்கும் அரக்கும் கோத்திருக்கும் நூலும் எடையில் சேர்ந்தனவா இல்லையா என்பதுகூட விடுபடவில்லை. கொடுத்தவன் பேரரசன், வாங்கியவர் கேள்வி கேட்காதவர். அப்படியிருந்தும் இவ்வளவு.

ஆயிரம் ஆண்டுகளில் இந்தக் கலை எங்கே வந்து நிற்கிறது என்பதை இன்றைய தெரு அறிவிப்புகள் காட்டுகின்றன. "நல்ல கண்டிஷன்" என்றால் உடைந்திருப்பது படத்தில் தெரியாத பக்கம். "சின்ன ரிப்பேர்" என்றால் மெக்கானிக் இரண்டு முறை பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுப் போய்விட்டார். "பழசுதான், ஆனா கெட்டி" என்பது எடையைப் பற்றிய எச்சரிக்கை. "இன்னிக்கே எடுத்துக்கணும்" என்று வந்தால் ஊரிலிருந்து மாமியார் வருகிறார், அல்லது வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். "குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு உபயோகமா இருக்கும்" என்ற தொடர் மட்டும் இன்னும் முழுதாக விளங்கிக்கொள்ளப்படவில்லை. ஒற்றைச் சக்கரம் போன நடைவண்டிக்கும் அது பயன்பட்டிருக்கிறது, எண்கள் தேய்ந்த தட்டச்சுப் பொறிக்கும் பயன்பட்டிருக்கிறது.

அதே கோயில் கல்வெட்டுகளில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. படுகையின் இலவசத்துக்கு அடிப்படை விதி என்றே அதைக் கொள்ளலாம். அணையாமல் எரிய வேண்டிய ஒரு நுந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகள் சாவதுமில்லை, மூப்பதுமில்லை என்பது கணக்கு. உண்மையான ஆடு செத்தாலும் கணக்கில் உள்ள ஆடு உயிரோடிருந்து நெய் கேட்கும். அதாவது, கொடுத்தவருக்கு அந்தக் கணத்தோடு வேலை முடிந்தது. வாங்கியவருக்கு அன்றுதான் தொடங்கியது. இன்று பக்கத்து வீட்டிலிருந்து மீன்தொட்டியை இலவசமாகப் பெற்றவர்களுக்கு இந்த விதியை விளக்க வேண்டிய அவசியமில்லை.

விதியின் மறுபாதி பாத்திரத்தில் இருக்கிறது. பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது படுகையில் வழக்கமில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் போக வேண்டும். 2003-இல் அமெரிக்காவின் டூசான் நகரில் தொடங்கிய ஃப்ரீசைக்கிள் இயக்கமும், 2013-இல் வாஷிங்டன் மாநிலத்து பெயின்பிரிட்ஜ் தீவில் தொடங்கிய பை நத்திங் இயக்கமும் கொடுப்பதற்கு ஈடாக எதையும் கேட்கக்கூடாது, வாங்கக்கூடாது என்று விதி வகுத்தன. தஞ்சாவூரில் அந்த விதி ஒரு பொழுதுகூடத் தாங்காது. காலையில் அவியல் போன கிண்ணம் மாலைக்குள் நார்த்தங்காய் ஊறுகாயோடு திரும்பிவிடும்.

நார்த்தங்காயைத் தனியாக ஆராய வேண்டும். கொல்லையில் ஒரு நார்த்தை மரம் இருந்தால் அது காய்க்கும் பருவத்தில் அந்தத் தெருவே தப்ப முடியாது. மாங்காயைப் போல உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றுவிட முடியாத காய் இது. சுருள் சுருளாக நறுக்கி, உப்பைத் திணித்து, நாள்கணக்கில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்தால்தான் வழிக்கு வரும். ஆகவே கொடுப்பவர் கொடுப்பது காய் அல்ல, வேலை. "அத்தை, நாத்தங்கா கொட்டிக் கிடக்கு, ஒரு கூடை அனுப்பட்டுமா?" என்று மதில் மேல் கேள்வி வரும். "எதுக்குடி, போன வருசத்துதே ஜாடியில இருக்கு" என்று பதில் போகும். கூடை அதற்குள் மதில் மேல் ஏறியிருக்கும். சில வாரம் கழித்து அதே காய் உப்பு நார்த்தங்காயாகி, மரத்துக்காரர் வீட்டுக்கே தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளப் போய்ச் சேரும். உழைப்பு முழுவதும் ஒரு வீட்டில், விளைவு இரண்டு வீட்டில். பொருளியல் நூல்கள் இந்த அமைப்பை வேறு பெயரில் கடுமையாகக் கண்டிக்கின்றன. படுகையில் இது அக்கம்பக்கம் எனப்படும்.

இலவசங்களில் மிகக் கறாரான கெடு உள்ளது நாற்று. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கும் ஆண்டுகளில் குறுவைக்கு நாற்றங்கால் போட்டுவிடுவார்கள். எந்த விவசாயியும் தேவைக்குச் சரியாக விதை விடுவதில்லை. ஆடு மேயும், தண்ணீர் நிற்கும் என்று கூடவே விடுவார். நடவு முடிந்ததும் நாற்றங்காலின் மூலையில் நாற்றுமுடிகள் மிஞ்சும். குறுகிய காலப் பயிரின் நாற்று நான்கு வாரத்தைத் தாண்டிவிட்டால் முற்றிப்போகும். பிறகு நட்டாலும் தூர் கட்டுவது குறையும். எனவே வரப்பில் நின்று, "நாத்து மிச்சம் கெடக்குண்ணே, ஓட்டை நடவுக்கு எடுத்துக்குங்க" என்று அடுத்த வயல்காரரை அழைப்பதில் உண்மையான அவசரம் இருக்கிறது. தெருக் குழுவில் "இன்னிக்கே" என்று எழுதுகிறவர்களிடம் இல்லாத நேர்மை இது. பசு கன்று போட்டதும் கிடைக்கும் சீம்பாலும் இந்த இனம்தான். அதை விற்பது பழைய வழக்கத்தில் இல்லை. ஆண்டு முழுவதும் கழுநீரையும் வடித்த கஞ்சியையும் மாட்டுக்காரர் வீட்டுப் பானையில் ஊற்றிவந்த வீடுகளுக்கு அது போக வேண்டும். வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்துத் தின்பவர்கள், தாங்கள் தின்பது போன ஆடி மாதத்துக் கழுநீர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இவற்றோடு ஒப்பிட்டால் நாய்க்குட்டி பூனைக்குட்டி விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. கடுவனுக்கு ஆள் கிடைக்கும், பெட்டைக்குக் கிடைக்காது. பூனை மட்டும் இலவசப் பொருள்களில் தானாகவே திரும்பி வரும் ஆற்றல் உள்ளது.

சுற்றிக்கொண்டே இருக்கும் இலவசம் என்று ஒரு வகை உண்டு. 1922-இல் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி வெளியிட்ட நூல், நியூகினியை அடுத்த தீவுகளில் நடக்கும் குலா என்ற வழக்கத்தை உலகுக்கு அறிவித்தது. சிவப்புச் சிப்பி மாலைகள் தீவுகளைச் சுற்றி வலமாகவும், வெள்ளைச் சிப்பி வளைகள் இடமாகவும் கைமாறிக்கொண்டே இருக்கும். யாரும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாண்டு கழித்துச் சமூகவியலாளர் மார்செல் மோஸ் அதையும் எடுத்துக்கொண்டு, கொடுக்கல், வாங்கல், திருப்பிக் கொடுத்தல் மூன்றுமே கட்டாயம் என்று நிறுவினார். இருவரும் நவராத்திரிக்குத் தஞ்சாவூர் வந்திருந்தால் படகுச் செலவு மிச்சமாகியிருக்கும். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு வைத்துக் கொடுக்கப்படும் ரவிக்கைத் துணி இங்கே ஒன்பது நாளும் சுற்றுகிறது. அதன் நிறம் யாருடைய புடவைக்கும் ஒத்துவராத ஒரு பச்சை, அல்லது எவரும் பெயர் சொல்லத் தயங்கும் ஒரு கத்தரிப்பூ. தையற்காரர் அதைக் கண்டதே இல்லை. மடிப்பு கலையாமல் பத்து வீடு சுற்றியதில் மடித்த ஓரத்தில் மட்டும் நிறம் வெளுத்து ஒரு கோடு விழுந்திருக்கும். மூலையில் வெற்றிலைக் காம்பு பட்ட கறை. கவனமுள்ள இல்லத்தரசிகள் யார் கொடுத்தது என்று சின்னத் துண்டுச்சீட்டில் எழுதி மடிப்புக்குள் செருகிவைப்பார்கள், கொடுத்தவருக்கே அடுத்த ஆண்டு வைத்துக் கொடுத்துவிடக் கூடாதே என்று. சீட்டை எடுக்க மறந்து கொடுத்துவிடுவதும் உண்டு. அப்போது துணியின் வரலாறு ஓரளவுக்கு வெளிப்படும். இரண்டு வீடுகளுக்கிடையே பேச்சும் கொஞ்ச நாள் நிற்கும். திருமண வீட்டில் பெண் மாப்பிள்ளை பெயர் அச்சிட்ட தாம்பூலப் பை இப்படிச் சுற்ற முடியாது. அன்பளித்தவர் பெயர் எழுதிய சுவர்க் கடிகாரமும் முடியாது. பெயர் பொறித்துவிட்டால் பொருள் நகராது என்பதைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளும் உறுதிப்படுத்துகின்றன.

நகராப் பொருளுக்கு எடுத்துக்காட்டு ஆட்டுக்கல். கோயம்புத்தூர் கிரைண்டர் வந்த நாளில் அது அடுக்களையிலிருந்து கொல்லைக்குப் போனது. கொல்லையில் கக்கூஸ் கட்டியபோது சந்துக்கு வந்தது. வீட்டை இடித்துக் கட்டியபோது வாசலுக்கு வந்தது. ஒவ்வொரு நகர்வுக்கும் நாலு பேர் தேவைப்பட்டார்கள். குழவி எங்கேயோ தனியாகக் கிடக்கும், பெரும்பாலும் வாசல் கேட் காற்றில் அடிக்காமலிருக்க. "ஆட்டுக்கல், இலவசம்" என்ற அறிவிப்புக்குத் தெருவில் பதினைந்து பேர் கைகூப்பும் குறி போடுவார்கள். தூக்க ஒருவரும் வரமாட்டார்கள். புறவழிச்சாலையில் கிராமத்துச் சாப்பாடு என்று பெயர்ப்பலகை மாட்டிய உணவகம் ஒன்று வாசல் அலங்காரத்துக்குக் கேட்டு ஆள் அனுப்பினால் நிலைமை மாறும். கல் அன்று மாலையே பாட்டியின் ஞாபகமாகிவிடும், கொடுப்பதற்கில்லை. அம்மியின் கதை கொஞ்சம் வேறு. வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கும்வரை, மிதிக்க வேண்டுமே என்று அம்மியைக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். கல்யாண மண்டபங்களே ஓர் அம்மி வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகு அந்தத் தடையும் நீங்கியது. அறுவடை நெல்லைக் கொட்டிவைத்த பத்தாயத்தை அடுக்கடுக்காகக் கழற்றி வெளியே கொண்டுவந்துவிட முடியும். ஆனால் மாத வாடகை வீட்டில் அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர் இல்லை.

அரசு முத்திரை உள்ள இலவசம் தனி. 2006-இல் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. தேர்தல் அறிக்கையில் இலவசம் அறிவிப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 5-இல் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு வந்த இலவசத்தை வீட்டிலிருந்து எப்படி வெளியேற்றுவது என்பது பற்றித் தீர்ப்பில் எதுவும் இல்லை. பதினான்கு அங்குல டிவி இன்றும் பரணில் புடவைத் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. கொடுத்தால் வாங்க ஆளில்லை, உடைக்கப் பயம், அரசாங்கம் கொடுத்ததைத் தூக்கிப் போடலாமா என்ற தயக்கம் வேறு. இலவசமாக வந்து இலவசமாகவும் போகமாட்டேன் என்கிற இந்த ஒரு பொருளுக்குத்தான், கட்டுரையின் முதல் வரியில் உள்ள இலக்கணம் எழுத்து பிசகாமல் பொருந்துகிறது.

கொடுக்கும் நேரத்துக்கும் வரம்புகள் உண்டு. விளக்கு வைத்த பிறகு உப்பு, ஊசி, உறைமோர் கொடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை காசு கூடாது. சனிக்கிழமை இரும்பைக் கொடுப்பவருக்கு நல்லது என்பார்கள், வாங்குபவருக்கு ஆகாது என்பார்கள். ஆகவே சனிக்கிழமை இரும்பு கைமாறுவதில்லை. மீதியுள்ள நேரத்தில் அலுவலகம், பள்ளிக்கூடம், ராகுகாலம் போக ஞாயிற்றுக்கிழமை காலை கொஞ்சம் மிஞ்சுகிறது.

வாங்குபவர்களைப் பற்றிப் பழமொழிகள் முன்னரே ஆராய்ந்து முடித்துவிட்டன. ஓசியில் கிடைத்தால் எனக்கொன்று, எங்கப்பனுக்கொன்று என்பவர் ஒரு வகை; அவரால் தெருவுக்கு நன்மையே. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் அடுத்த வகை. பழைய துணி துவைக்கும் இயந்திரத்துக்கு உத்தரவாதச் சீட்டு உண்டா என்று கேட்பார். பழமொழி காணாத மூன்றாம் வகையினர்தான் பெரும் சேதம் விளைவிப்பவர்கள். "எடுத்து வைங்க சார், சாயந்திரம் வந்து தூக்கிக்கிறேன்" என்பார்கள். அந்தச் சாயந்திரம் வருவதே இல்லை. வேண்டும் என்று வந்த மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பொருளைத் துடைத்து வாசலில் வைத்துக் காத்திருப்பவரின் நிலையை, ஊரில் இல்லாதவருக்கு வட்டி கேட்டு எழுதும், கடன் கொடுத்தவரின் நிலையோடு ஒப்பிடலாம்.

வாங்குபவரைக் கேட்காமல் கொடுப்பது எங்கே போய் நிற்கும் என்பதற்குப் படுகையே கசப்பான சான்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. உடுத்திக் கழித்ததை மீனவக் குடும்பங்கள் தொடவில்லை. சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்தது. கொடுத்தவர்களின் அலமாரிகள் காலியானது மட்டும் உறுதி. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் சாய்ந்த தென்னைகள் இதற்கு நேர் எதிர். அங்கே கொடுக்க ஆள் இருந்தார்கள். அத்தனை மரத்தை ஒரே வாரத்தில் எடுத்துக்கொள்ள எந்த ஊரிலும் ஆள் இல்லை. மரம் விழுந்த தோப்பைச் சுத்தம் செய்வதற்கே காசு வேண்டியிருந்தது. இலவசத்தின் விலை பூஜ்யத்துக்குக் கீழே போன சந்தர்ப்பம் அது.

ஆள் கிடைக்காத பொருளை ஆற்றிடம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. ஆற்றிலே போகிற தண்ணீரை அப்பா குடி, ஆத்தா குடி என்று உபசரித்த ஊர், பதிலுக்குத் தன் பரணையும் ஆற்றில் இறக்கியது. பாபநாசம் அருகே உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855-இல் பிறந்து, 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிப் போன இடங்களில், பழைய சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்டோம் என்ற பதிலையும் கேட்க நேர்ந்தது. செல்லரித்த சுவடிக் கட்டை வைத்திருந்தவருக்கு அது இடத்தை அடைக்கும் பொருள். வேண்டும் என்று ஒருவர் கும்பகோணத்திலிருந்து கிளம்பிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. பகிர்வுக் குழு ஒன்றுக்கு நியாயம் கற்பிக்க விரும்புவோர் வேறு சான்று தேட வேண்டியதில்லை. கண்ணாடி உடைந்த சாமி படத்துக்கு ஆற்றோடு இன்னொரு புகலிடமும் உண்டு, பிள்ளையார் கோயில் அரசமரத்தடி. வைப்பவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வைப்பார். எடுப்பவர் யாருமில்லை. சனி தோஷம் கழியத் திருநள்ளாறு நளதீர்த்தத்தில் குளித்தவர்கள் விட்டுச்செல்லும் உடுப்பும் அப்படித்தான். எவ்வளவு புதிய வேட்டியானாலும் அதோடு எதுவெல்லாம் சேர்ந்து வரும் என்பது தெரிந்திருப்பதால், இலவசத்துக்கு அலையும் வகையினரும் அங்கே கை நீட்டுவதில்லை.

2023 மே மாதத்தில் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் வேண்டாத துணி, புத்தகம், பிளாஸ்டிக் பொருள்களைப் பெற்றுக்கொள்ளும் மையங்களைத் தொடங்கின. போகிக்கு எரிக்காமல் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதுதான் இடைஞ்சல். இலவசப் பொருளின் சொந்தக்காரர் வாசற்படி தாண்டுவதில்லை. "வந்து எடுத்துக்கலாம்" என்ற தொடரில் அழுத்தம் முதல் சொல்லில் விழுகிறது.

கடைசியில் மிஞ்சுவதை எடுத்துக்கொள்ள வருபவர் தள்ளுவண்டியோடு வரும் பழைய இரும்புக்காரர். தெருவில் ஒரு மாதமாக எவருக்கும் இலவசமாகக் கிடைத்த, ஒரு கால் ஆடும் இரும்பு நாற்காலியை அவர் தராசில் மாட்டி, ஒரு தொகையைச் சொல்வார். சொந்தக்காரர் நிமிர்ந்து உட்கார்வார். நாற்காலி அப்பா காலத்தது, அந்தக் காலத்து இரும்பு, இப்போது இந்தக் கனம் எங்கே கிடைக்கிறது என்பார். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டச் சொல்லிப் பேரம் அரைமணி நேரம் நடக்கும்; வண்டி ஒருமுறை நகர்ந்து திரும்பி வரும். விலை படிந்ததும் பொருள் விற்பனைப் பண்டமாகி, இவ்வாய்வின் எல்லையை விட்டு வெளியேறுகிறது.